இருவரையும் கட்டிய ஒப்பந்தம்

வக்கீலம்மா என் இடது கட்டைவிரலைப் பிடித்து மை அட்டையில் உருட்டியது இன்னும் நினைவிருக்கிறது. குழந்தைக்கு நகம் வெட்டுகிறவளைப் போல அவ்வளவு மெதுவாக. அவர் மதுரைக்குக் குடிபோய்விட்டார். இப்போது ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கத் தேனியில் வேறொரு வக்கீல். விரலை வடை தட்டுவதுபோல அமுக்குகிறார். வக்கீலம்மாவின் ஆபீஸ் பழனிசெட்டிபட்டியில், மிக்ஸி பழுது பார்க்கும் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே மிக்ஸியை ஓட்டிப் பார்த்தால் மேலே பேச்சை நிறுத்த வேண்டும். ரகசியம் பேச இதைவிட நல்ல இடம் கிடையாது என்று நான் சொன்னபோது வெகுநேரம் சிரித்தார்.

என் தொழில் திராட்சைத் தரகு. எந்தத் தோட்டத்துப் பந்தலில் எப்போது பழம் பறிப்புக்கு வரும், யார் சொன்ன விலையில் நிற்பார், யாருக்கு எந்த வியாபாரி ஒத்துவருவார், இவ்வளவுதான் என் முதல். தோட்டத்தைக் காட்டாமல் வியாபாரம் நடக்காது. காட்டிவிட்டால் அப்புறம் நான் எதற்கு? முன்பு ஒரு வியாபாரியைப் பண்ணைப்புரத்துத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். அடுத்த பறிப்புக்கு அவருடைய லாரி என்னிடம் சொல்லாமல் என் வாசல் வழியாகவே அங்கே போனது. பழக்கதோஷத்தில் டிரைவர் ஹாரன்கூட அடித்தான்.

அதன்பிறகு வந்தவர் கோட்டயத்துக்காரர். ஜூஸ் கடைகளுக்குப் பழம் கொடுக்கிற பெரிய வியாபாரி. எனக்குத் தெரிந்த தோட்டங்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்றார். இவரும் என்னை ஒதுக்கிவிட்டு நேரே போனால் தொழிலை விட்டுவிட வேண்டியதுதான். அந்தப் பயத்தில்தான் மாடி ஏறினேன்.

வக்கீலம்மா கேட்டுக் கேட்டு எழுதி, வாசித்துக் காட்டினார். என் மூலம் தெரிந்த தோட்டத்தையும் விலையையும் அவர் யாரிடமும் சொல்லக் கூடாது. நான் காட்டிய விவசாயியிடம் மூன்று வருஷத்துக்கு என்னை விட்டுவிட்டு வாங்கக் கூடாது. வேறு ஆளை அனுப்பியும் வாங்கக் கூடாது.

“நல்லாத்தான் இருக்கு தாயி. ஆனா பழம் ஏத்துறதுக்கு முன்னாடியே திருடன்னு சொன்னாப்புல இருக்குமே? மூஞ்சிய எங்கன வச்சுக்கிட்டு இத நீட்டுறது?”

“இன்னும் வாசிச்சு முடிக்கல ஆத்தா. அவுக எந்தெந்தக் கடைக்குப் பழம் குடுக்குறாகன்னு உங்களுக்குத் தெரியவரும்ல? அத நீங்களும் வெளிய சொல்லக் கூடாது. அந்தக் கடைகளுக்கு நீங்களா நேரா லோடு அனுப்பவும் கூடாது.”

“நானா? நான் என்ன அப்பேர்ப்பட்டவளா?”

“இப்பக் கோவம் வந்துச்சுல்ல? அவுகளுக்கும் வரும். ரெண்டு பேரையும் சேத்துக் கட்டிட்டா யாரும் மூஞ்சியத் தூக்க முடியாது.”

மறுநாள் கோட்டயத்துக்காரர் அதே மாடியில் உட்கார்ந்து வரி வரியாக வாசித்தார். நான் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைகளைப் பற்றிய பகுதி வந்ததும் பேனா கேட்டார்.

“நானும் பேடிச்சுத்தான் இருந்தேன் அம்மே. ஒரு தரகர் என் கடைக்கெல்லாம் நேரா போயி பழம் எறக்கிட்டாரு.”

இவ்வளவு பெரிய மனிதருக்கும் பயம் என்று கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. கீழே யாரோ மிக்ஸியை ஓட்ட, மூவரும் பேசாமல் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அந்த வாரமே அவரை ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். தோட்டக்காரர் மனைவி அவருக்கு மோர் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“மதினிக்கு வழக்கம்போல விரதமா?”

விரதமாவது ஒன்றாவது. குடித்தால் ஒதுங்கப் போக வேண்டும். போனால் தோட்டத்து ஆளும் வியாபாரியும் தனியே பேசிவிடுவார்கள். அந்தப் பயத்தில் எத்தனை வெயிலில் நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்கிறேன். அன்று இரண்டு செம்பு மோர் குடித்துவிட்டு எழுந்து நடந்தேன்.

திரும்பி வந்து பம்புசெட்டில் கை கழுவும்போது பந்தலுக்குள்ளிருந்து தோட்டக்காரர் மனைவியின் குரல் கேட்டது.

“உங்க நம்பரக் குடுங்க தம்பி. அடுத்த தடவ நேரா வாங்க. நடுவுல மதினிய எதுக்கு அலைக்கழிச்சுக்கிட்டு?”

“அம்மாகிட்ட எழுதி ஒப்பு போட்டிருக்கேன் சேச்சி. அவுக கூட்டிட்டு வந்தா வருவேன்.”

நான் உடனே உள்ளே போகவில்லை. தண்ணீர் நல்ல குளிர்ச்சி. முகத்தையும் காலையும் நிதானமாகக் கழுவிக்கொண்டேன்.