கால் தரிக்காதவள்

என் கணவரின் தங்கை இன்ஷிரா உட்கார்ந்து சோறு தின்று நான் பார்த்ததில்லை. சோற்றுக் கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு குசினிக்கும் முற்றத்துக்கும் நடந்தபடியே தின்பாள். தொலைபேசியில் கதைத்தால் கிணற்றைச் சுற்றுவாள். ஒரு நாள் வேலையற்றுப்போய் எண்ணிப் பார்த்தேன், ஒரே கதைக்கு நாற்பத்தொரு சுற்று. பிரதேச செயலகத்தில் உத்தியோகம் கிடைத்தபோது, மேசைக்குப் பின்னால் இவள் எப்படி இருக்கப் போகிறாள் என்று பயந்தோம். அவளோ மற்றவர்களுடைய வெளிவேலையையும் கேட்டு வாங்கிக்கொண்டு ஸ்கூட்டியில் சாய்ந்தமருது முழுக்கத் திரிந்தாள்.

"ஒரு இடத்துல கால வெச்சி நில்லேன் புள்ள" என்று அவளுடைய உம்மா, என் மாமி றாபியா, முப்பத்திரண்டு வருசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் கலியாணத்துக்கு வீடு கொடுப்பது பெண் வீட்டார்தான். மாமா மௌத்தாகிக் கண்ணை மூடுவதற்கு முன்பே இன்ஷிராவின் பெயரில் வீடு கட்டி, டைல்ஸும் பதித்துவிட்டார். அது பூட்டியே கிடந்தது. ஏழு குடும்பங்கள் வந்து இன்ஷிராவைப் பார்த்துவிட்டுப் போயின. பார்ப்பது என்றால் அவள் கதிரையில் உட்கார்ந்து இருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டு, கால் மணித்தியாலம். அதுதான் அவளுக்கு ஏலாது. நிமிடம் ஐந்து போனதும் முழங்கால் ஆடத் தொடங்கிவிடும். ஏழாவதாக வந்த வீட்டார், "புள்ள நல்ல புள்ளதான், காலுதான் தரிக்குதில்ல, குடும்பத்துக்குச் சரிவராது" என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. பெண்ணைப் பார்க்க வந்தார்களா, கதிரையைப் பார்க்க வந்தார்களா?

இன்ஷிரா அழவில்லை. கிணற்றைச் சுற்றினாள். பிறகு மாமியிடம் வந்து நின்றாள், அதாவது, காலை மாற்றி மாற்றி வைக்கிற அவளுடைய நிற்பு.

"உம்மா, இனி நான் இருந்து காட்ட மாட்டன். வாற ஆள் நான் நடக்கிற இடத்துக்கு வரட்டும். அதுவும் ஒரு தரந்தான். சரிவராட்டி இந்தப் பேச்சே இனி வேணாம்."

அவள் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். மாமி இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தார், பலிக்கவில்லை. கலியாணப் புறோக்கர் மக்கீன்தான் வழி கண்டுபிடித்தார். இறக்காமத்துக்கு அங்கால் காட்டோரமாக ஒரு பூங்கா இருக்கிறது. உள்ளே வட்டமாக ஒரு நடைபாதை, இரண்டரைக் கிலோமீற்றர், பாதி காடு, பாதி வயல். யானை வேலியும் போட்டிருப்பதால் கைக்குழந்தையோடும் நடக்கலாம். மாப்பிள்ளை ஷிப்லி, ஒலுவில் துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவர்.

"அவங்க வலப்பக்கத்தால வருவாங்க, நீங்க இடப்பக்கத்தால போங்க" என்றார் மக்கீன். "நடுவுல மருதமரத்தடியில குந்த ஒரு வாங்கு போட்டிரிக்கி. தற்செயலாக் கண்ட மாதிரி கதைச்சிட்டு வாங்க."

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் போனோம். மாமி, என் கணவர் றிபாத், இன்ஷிரா, நான். வாசலில் ஒலுவில்காரர்களின் வேன் ஏற்கெனவே நின்றது. பாதை பிரிகிற இடத்தில் மாமி பிஸ்மில்லாஹ் சொல்லி வலப்பக்கம் திரும்பினார்.

"மக்கீன் காக்கா இடப்பக்கம் எண்டாரே உம்மா" என்றார் றிபாத்.

"நல்ல காரியத்த ஆரும் இடப்பக்கத்தால தொடங்குவாங்களா மகன்? வட்டந்தானே. எப்பிடிப் போனாலும் சந்திக்கத்தானே வேணும்."

மாமி வீட்டுக்குள் நுழைவதும் செருப்புப் போடுவதும் வலது காலால்தான். எங்களில் மூன்று பேர் பட்டதாரிகள். மூன்று பேரும் ஓம் என்று தலையாட்டினோம்.

காட்டுக்குள் பாதை நிழலாக இருந்தது. நான் ஒவ்வொரு திருப்பத்திலும் முக்காட்டைச் சரிசெய்தேன், மாப்பிள்ளை பார்க்கப் போவது என்னையல்ல என்றாலும். இன்ஷிரா முன்னே போவாள், நின்று பார்ப்பாள், திரும்பி வருவாள். எதிரே ஒருவரும் வரவில்லை. மருதமரத்தடிக்கு வந்தும் வாங்கு வெறுமையாகக் கிடந்தது. தொலைபேசிக்கு சிக்னல் இல்லை. மாமி மூச்சு வாங்கியபடி அதில் இருந்துகொண்டார்.

"நம்மளக் கண்டுட்டு வேற வழியால போயிட்டாங்க போல" என்றார். எனக்கும் அதே பயந்தான். பார்த்து வேண்டாமென்றவர்களைப் பொறுக்கலாம், பார்க்காமலே ஓடினவர்களை என்ன சொல்வது?

இன்ஷிரா குனிந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்கைச் சுற்றிப் புதிதாக உரித்துப் போட்ட கச்சான்கடலைக் கோது. பாதையின் மணலில் செருப்புத் தடங்கள்.

"மதினி, அவங்க நமக்கு முன்னுக்குப் போறாங்க. நாமதான் அவங்கட பின்னால வந்திரிக்கம்."

றிபாத் தலையில் கை வைத்தார். அவள் இன்னும் தடங்களையே பார்த்தாள்.

"ரெண்டு பேர்ர தடம் நேராப் போகுது. ஒராள்ர மட்டும் போய்ப் போய்த் திரும்பி வந்திரிக்கி."

சொல்லிவிட்டு நடந்தாள். றிபாத்தை மாமியோடு விட்டுவிட்டு நான் பின்னால் ஓடினேன். காடு முடிந்து வயல் திறந்த இடத்தில், ஒரு பாலை மரத்துக்குப் பக்கத்தில் அவளைப் பிடித்தேன். சற்றுத் தூரத்தில், எங்களுக்கு முதுகு காட்டியபடி, வெள்ளை முக்காட்டில் ஒரு வயதான தாயும் ஒரு பெண்ணும் மெள்ள, ஆறுதலாக நடந்தார்கள். நீலச் சேட்டுப் போட்ட ஒருவர் அவர்களை விட்டு முன்னே போனார். எட்டி வளைவுக்கு அப்பால் பார்த்தார். திரும்பித் தாயிடம் வந்தார். தலையைத் தடவிக்கொண்டு மறுபடி முன்னே போனார். அவர் தேடியது எங்களைத்தான், எதிர்த்திசையில்.

காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தது. தாயின் குரல் தெளிவாகக் கேட்டது.

"ஒரு இடத்துல கால வெச்சி நில்லேன் மகன்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ஏழு வீட்டார் இவளைப் பார்த்தார்கள். இவள் ஒருவரையும் இப்படி, ஆறுதலாக, பார்த்ததேயில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்ஷிராவைத் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவளுடைய இரண்டு காலும் மணலில் பதிந்து, அசையாமல் இருந்தன.

"மதினி" என்றாள், கண்ணை எடுக்காமல். "நீங்க போய் உம்மாவையும் றிபாத் காக்காவையும் கூட்டிட்டு வாங்க. நான் இஞ்சயே நிக்கிறன்."