பனிக்கடல் கப்பலுக்குப் போன அரிசி

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. இன்றைக்கு உக்குவளையில் என் அரிசி மில்லைத் தெரியாதவன் வெளியூர்க்காரனாகத்தான் இருப்பான். கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த ஓர் ஆராய்ச்சிக் கப்பலுக்குப் பதினொரு மூட்டைப் புழுங்கல் அரிசி கேட்டார்கள். தென்முனைப் பனிக்கடலுக்குப் போகிற கப்பல். கப்பல் ஏஜன்சியில் வேலை செய்யும் மாத்தளை முஸ்லிம் தம்பி ஒருவர்தான் என் மில்லைச் சொல்லிவிட்டிருந்தார்.

லக்கல ஊர் வயல்காரர்களிடம் நெல் எடுத்து, கூடவே நின்று அவித்துக் குத்தினேன். வண்டு அண்டாமலிருக்க வழக்கம்போல மூட்டைக்கு இரண்டு கைப்பிடி காய்ந்த வேப்பிலை போட்டுக் கட்டி, லொறியில் நானே ஏறிப் போனேன்.

கப்பல் நல்ல சிவப்பு. பனிக்கட்டியை இடித்துக்கொண்டு போக வேண்டியதால், மற்றக் கப்பல்களைவிடத் தடித்த இரும்பில் கட்டியது என்றார் தம்பி. எட்டிய இடத்தில் தட்டிப் பார்த்தேன். மில் எஞ்சினைத் தனியாளாகக் கழற்றிப் பூட்டியவன் நான், இரும்பு எனக்குத் தெரியும். பாறையைத் தட்டியது போலிருந்தது.

சாமான்களைப் பொறுப்பெடுக்கிற வெள்ளைக்கார அம்மா முதல் மூட்டையைப் பிரித்தார். இலையைக் கண்டதும் திரும்பக் கட்டிவிட்டார்.

"ஏத்த முடியாதாம் முதலாளி," என்றார் தம்பி. "அங்க ஒரு இலை, ஒரு பூச்சி போகக்கூடாது. சாக்கும் வேணாம். எல்லாத்தையும் கடதாசியில எழுதி அனுப்பினேனே?"

கடதாசி வந்தது உண்மை. அரிசியைப் பற்றி எனக்கு எவன் எழுதிச் சொல்வது என்று, யாரிடமும் வாசிக்கக் கொடுக்காமல் மடித்து வைத்திருந்தேன்.

"கப்பல் எப்ப போகுது?"

"நாளன்னைக்கு மத்தியானம். இங்கயே ஒரு கடையில எடுத்துக்குவாங்க. நீங்க மனசுல வச்சிக்காதீங்க."

"கடைக்குப் போக வேணாம்னு சொல்லுங்க தம்பி. நாளன்னைக்குக் காலையில நான் இங்க நிப்பேன்."

லொறி திரும்பி வந்ததைப் பார்த்து என் மனைவி, "வேப்பிலைக்குக் கொழும்பு காட்டிட்டு வந்தீங்களா?" என்றாள். மில்லில் வேலை செய்யும் ஐந்து பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மறுநாள் காலையிலேயே மில்லை நிறுத்தினேன். சலித்து, புடைத்து, பாய் விரித்துப் பொறுக்கினோம். நானும் உட்கார்ந்தேன். ஆளுக்கு இரண்டு மூட்டை, எனக்கு ஒன்று. புதுப் பிளாஸ்டிக் பைகளில் போட்டுச் சூடு வைத்து ஒட்டி, யார் பொறுக்கியது என்று தெரிய ஒவ்வொன்றிலும் அடையாளம் போட்டோம்.

சொன்னபடி காலையில் துறைமுகத்தில் நின்றேன். அந்த அம்மா டோர்ச்சும் பூதக்கண்ணாடியுமாக வந்தார். நான்காவது பையில் நகக்கண் அளவு இலைத் துண்டு அகப்பட்டது.

"இது யாரு பொறுக்கினது முதலாளி?"

பையின் அடையாளத்தைப் பார்த்தேன்.

"நான்தான்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டார்.

"அத இறக்கி வைங்க," என்றேன். "மத்தது எல்லாத்தையும் ஒவ்வொன்னாப் பிரிச்சுப் பாக்கச் சொல்லுங்க. அது பொம்பளைங்க பொறுக்கினது. முடியிற வரைக்கும் நான் நிக்கிறேன்."

வெயிலில் நின்றேன். எல்லாவற்றையும் பார்த்து முடித்து, அந்த அம்மா கையைக் காட்டினார். கிரேன் பத்துப் பைகளை மேலே தூக்கியது. என்னுடையதை லொறியில் போட்டுக்கொண்டு வந்தேன். பத்து மூட்டை உக்குவளை அரிசி பனிக்கடலுக்குப் போயிருக்கிறது. மாத்தளைப் பக்கம் வேறு எந்த மில்காரன் அனுப்பியிருக்கிறான், கேட்டுப் பாருங்கள்.