இரண்டு பக்கமும் கறுப்பு

பிள்ளைகளா, இதை வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். நான் படித்தது பத்தாவதுதான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் டிவியில் பழைய படம் ஓடினால் இரண்டு பக்கமும் கறுப்பாக நிற்கும். எனக்குப் பொறுக்காது. "எம்மாம் பெரிய டிவி வாங்கிக்கினு வந்தா, ரெண்டு பக்கமும் சும்மா கெடக்குது பாரு" என்று ரிமோட்டை எடுத்துப் படத்தை இழுத்து நிரப்பிவிடுவேன். நடிகர்கள் எல்லாரும் குண்டாகத் தெரிவார்கள். நம் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

சின்னவனே, உனக்கு அப்போது விவரம் தெரியாது. அக்கா எட்டாவது. பழைய காலத்து வீட்டுக் கம்ப்யூட்டரைப் போலவே நடக்கும் எமுலேட்டர் என்கிற புரோகிராம் ஒன்றை லேப்டாப்பில் போட்டு, அதில் ஒரு கடிகாரம் செய்தாள். நோட்டில் எழுதி எழுதி ஒரு மாதம். அந்தக் கம்ப்யூட்டரின் படம் அகலத்தில் இருநூற்று ஐம்பத்தாறு புள்ளி, உயரத்தில் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. ஒவ்வொரு புள்ளியையும் நாலு மடங்காக்கினால் நம் டிவியின் உயரத்துக்குக் கச்சிதமாக வரும். பக்கத்தில் மிச்சம் கறுப்பு. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு டிவியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். லேப்டாப்பை டிவியில் மாட்டிவிட்டு அவள் தண்ணீர் குடிக்கப் போனாள். கறுப்பு என் கண்ணை உறுத்தியது. எமுலேட்டர் மெனுவில் 'ஸ்ட்ரெச்' என்று இருந்தது. அமுக்கினேன். டிவி நிரம்பிவிட்டது. நிரம்பியதைத்தான் பார்த்தேன், கடிகாரத்தின் வட்டத்தைப் பார்க்கவில்லை.

அவள் திரும்பி வந்தபோது பரிசு கொடுக்கிற சார் டிவி முன்னால் நின்றிருந்தார்.

"இன்னாம்மா இது, கடியாரமா, தர்பூசணியா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். கோடுகள்கூட ஒன்று தடிமனாகவும் ஒன்று ஒல்லியாகவும் இருந்தன. அவள் என்னை ஒருமுறை பார்த்தாள்.

"நான்தான் சார் தப்பா வெச்சிட்டேன்" என்றாள் அவரிடம்.

அவள் சரிசெய்து நிமிர்வதற்குள் சார் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். 'நான் செய்தது சார்' என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. கம்பெனிச் சட்டையோடு சும்மா நின்றேன்.

கண்காட்சி முடிந்து புதுவாயலில் ஷேர் ஆட்டோ ஏறினோம். மடியில் டிவி. "கோவமாம்மா?" என்றேன்.

"அதெல்லாம் இல்லப்பா. டிவியப் பத்திரமா புடி."

கும்மிடிப்பூண்டியில் என் வேலையே இரும்பு வளையம் வட்டமாக இருக்கிறதா என்று அளந்து பார்ப்பதுதான். முடியளவு கோணினாலும் ஒதுக்கிவிடுவேன். மறுநாள் வளையத்தைக் கையில் எடுத்தபோது வெட்கமாக இருந்தது.

பெரியவளே, அந்த வாரமே எமுலேட்டரை அழித்துவிட்டாய். பிறகு எதுவும் செய்யவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த நோட்டைப் பழைய பேப்பரோடு போட்டிருந்தாய். எடுத்து வைத்திருக்கிறேன், பீரோவில் என் சான்றிதழ்களுக்குக் கீழே இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், 'பக்கத்தில் கறுப்பு இருக்கணும், அப்பாகிட்ட சொல்லணும்' என்று எழுதியிருக்கிறாய்.

நீ சொல்ல நினைத்திருக்கிறாய். நான் கேட்டிருக்கலாம்.

மனசு வந்தால் அந்தக் கடிகாரத்தைத் திரும்பப் போட்டுக் காட்டு. நான் தள்ளி உட்கார்ந்து பார்க்கிறேன்.