மணிமேகலை வேன் ஏறிய கதை

மணிமேகலைக்கு பஸ் ஒத்துக்காது. சேவூர் நெசவுத் தெருவில் அவளைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். அறுந்த பட்டு இழையை அவள் பிணைத்தால் முடிச்சு எங்கே என்று அவள் புருஷன் வேணுகோபாலுக்கே தெரியாது என்கிற பெருமையெல்லாம் அப்புறம்தான் வரும். கல்யாணத்தன்று ஆரணியிலிருந்து சேவூருக்கு வந்த காரிலேயே, மாலையும் கழுத்துமாக, மாப்பிள்ளையின் புது வேட்டியில் வாந்தி எடுத்தவள் அவள். அந்தக் கதையை வேணுகோபால் இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

பஸ், கார், வேன் மூன்றும் அவளுக்கு ஆகாது. டூவீலரில் புருஷன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து படவேடு வரைக்கும் போய் ரேணுகாம்பாளைக் கும்பிட்டுவிட்டு வருவாள், ஒன்றும் ஆகாது. ரயிலில் மேல் பெர்த்தில் ஏறிக் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டால் அதுவும் சரி. ஜன்னல் வைத்த வண்டி ரோட்டில் ஓடினால் மட்டும் குடல் வாய்க்கு வந்துவிடும். மாத்திரை, இஞ்சி மிட்டாய், மந்திரித்த கயிறு எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் கையில் ஓர் எலுமிச்சம்பழம், மடியில் ஒரு பிளாஸ்டிக் பை என்று நின்றுவிட்டது.

சிரிக்க முடியாத கதையும் ஒன்று உண்டு. ஒரே மகள் தேவிப்ரியாவை, இலங்கையில் நுவரெலியாவில் ஓட்டல் சமையல்காரராக இருக்கும் இளஞ்செழியனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மறு வருஷம், ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்துவிட்டது என்று போன் வந்தது. அன்றைக்கே டிக்கெட் போட்டு, வாடகைக் காரில் சென்னை விமான நிலையத்துக்குக் கிளம்பினார்கள். ஆற்காடு தாண்டுவதற்குள் மணிமேகலைக்கு நினைவு தப்பிவிட்டது. விமானம் கிளம்பிய நேரத்தில் அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் குளுக்கோஸ் ஏறக் கிடந்தாள்.

"பரவால்லம்மா. நீ ஒடம்ப பாத்துக்க," என்றாள் மகள் போனில்.

திட்டியிருந்தால் தேவலை. குழந்தையைப் பறிகொடுத்துவிட்டுத் தனியாகக் கிடந்த பெண், அம்மாவுக்கு ஆறுதல் சொன்னாள். அந்தப் 'பரவால்ல' மணிமேகலையின் நெஞ்சில் தைத்து நின்றது.

இப்போது தேவிப்ரியா மறுபடியும் உண்டாகியிருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பதுதான் வழக்கம். ஆனால் இந்தத் தடவை அசையவே கூடாது, ஊருக்குப் போகிற பேச்சே வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்படியானால் தாய் வீடுதான் கிளம்பிப் போய் மலை ஏற வேண்டும்.

மாப்பிள்ளை ஒரு வழி சொன்னான். "ஏர்போர்ட்லேர்ந்து ஒரே மூச்சுல மல ஏறனாதான் பேஜாரு அத்த. டூர் மாதிரி நின்னு நின்னு வாங்க. அனுராதபுரம், சிகிரியா, கண்டி, எல்லாத்தையும் பாத்துகினே வாங்க. இப்ப ஒரு தடவ வந்து சேந்துட்டீங்கன்னா, பிரசவத்துக்குத் தைரியமா வந்துருவீங்க."

வந்து சேராவிட்டால் என்ன என்பதை அவன் சொல்லவில்லை. மணிமேகலைக்கும் அதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தறியில் ஓடிக்கொண்டிருந்த சேலையை அறுத்துக் கொடுத்துவிட்டு இருவரும் கிளம்பினார்கள். களம்பூர் ஸ்டேஷன் வரைக்கும் டூவீலர், பிறகு சென்னைக்கு ரயில், அப்புறம் விமானம். எதுவும் அவளை ஒன்றும் செய்யவில்லை. கொழும்பு விமான நிலையத்து வாசலில் வெள்ளை வேன் ஒன்றைப் பார்த்ததும்தான் வாயில் எச்சில் ஊறத் தொடங்கியது. டிரைவர் காத்தவராயன் மலையகத்துத் தமிழர், நரைத்த மீசைக்காரர். அவள் கையிலிருந்த பழத்தைப் பார்த்தார்.

"தேசிக்காய் இங்கயும் கெடைக்கும்மா. பயப்படாதீங்க," என்றார்.

அந்தத் தீவை யாரும் அவள் பார்த்த மாதிரி பார்த்திருக்க மாட்டார்கள். அனுராதபுரம் போய்ச் சேர்வதற்குள் பைகள் தீர்ந்துவிட்டன. அங்கே அரசமரத்தைச் சுற்றி வெள்ளைச் சேலை கட்டிய பெண்கள் அல்லிப் பூவோடு நின்றிருந்தார்கள். இவள் மணலில் ஒருக்களித்துப் படுத்தபடி அவர்கள் கால்களைத்தான் பார்த்தாள். மணல் சில்லென்று இருந்தது. மண்டபங்களும் தூபிகளும் எத்தனையோ இருந்தும் அந்த ஊரில் அவளுக்குப் பிடித்தது மணல்தான், ஏனென்றால் அது ஓடவில்லை.

சிகிரியாவில் வேணுகோபால் பாறை மேல் ஏறிப்போனார். அவள் கீழே தோட்டத்துக் குளக்கரையில் உட்கார்ந்து, கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டாள். வேர்க்க விறுவிறுக்க இறங்கி வந்தவர், "மேல சுவத்துல பொம்பளைங்கள வரைஞ்சி வெச்சிருக்காங்க மேகலா. ஒண்ணாவது ஒழுங்கா சேல கட்டல," என்றார். நெசவுக்காரர் வேறு எதைப் பார்ப்பார். அன்றைக்கு முழுவதும் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கண்டிக்கு வந்தபோது நிற்கவே முடியவில்லை. ஏரியைச் சுற்றி விளக்கெல்லாம் போட்டிருந்தார்கள். அவள் விடுதிக் கட்டிலில் சுருண்டுகொண்டு, "முடியலங்க. திரும்பிடலாங்க," என்றாள். நாளைக்குத்தான் நிஜமான மலைப்பாதை, வளைவுக்கு மேல் வளைவு என்று காத்தவராயன் சொல்லியிருந்தார்.

வேணுகோபால் மகளுக்குப் போன் போட்டு அவள் கையில் கொடுத்தார்.

"பரவால்லம்மா," என்றாள் தேவிப்ரியா. "கண்டி வரைக்கும் வந்தியே, அதுவே பெருசு. நீ ஊருக்குப் போயிடு. நான் பாத்துக்கறேன்."

மணிமேகலை போனை வைத்துவிட்டு எழுந்து முகம் கழுவினாள்.

"காலீல வண்டிய எடுக்கச் சொல்லுங்க. செத்தாலும் அங்க போயி சாவறேன்."

மலைப்பாதை சொன்ன சொல் தவறாமல் சுற்றியது. இரண்டு பக்கமும் தேயிலை, வரிசை வரிசையாக. ரம்பொடை நீர்வீழ்ச்சியில் நிறுத்தினார்கள். எல்லாரும் நீர்வீழ்ச்சிக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். இவள் அதற்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றாள்.

அதைத் தாண்டியதும் மூடுபனி இறங்கியது. ரோட்டைக் காணவில்லை. முன் சீட்டில் இருந்த வேணுகோபாலின் மூக்குக்கண்ணாடி துடைக்கத் துடைக்க ஆவி படிந்தது. காத்தவராயன் வண்டியை ஓரங்கட்டினார்.

"ஐயாவுக்குக் கண்ணு தெரியல. அம்மா, நீங்க முன்னுக்கு வாங்க. நான் ஓரத்துப் பள்ளத்தப் பாத்து ஓட்டணும். முன்னால ஒரு லொறி மெதுவா போகுது. அதோட செவப்பு லைட்ட மட்டும் விடாம பாத்துச் சொல்லிகிட்டே வரணும். அது எந்தப் பக்கம் திரும்புதோ அந்தப் பக்கம் நானும் திருப்புவேன்."

"நானா?" என்றாள். அவளை நம்பி யாரும் வண்டி ஓட்டியதில்லை. பயத்தில் வாந்தியும் மறந்து முன்னால் போய் உட்கார்ந்தாள்.

வெள்ளையாய்க் கிடந்த அத்தனைக்கும் நடுவில் குங்குமப்பொட்டு மாதிரி ஒரு விளக்கு. "வலது பக்கம் போவுதுங்க. இன்னும் வலது. இப்ப நேரா. ஐயோ காணோம், இருங்க, அதோ, எடது பக்கம்." எத்தனை வளைவு போனது என்று அவளுக்குத் தெரியாது. தறியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள், வேலை செய்தாள்.

மேலே ஏறியதும் பனி விலகியது. லாரி தன் வழியே பிரிந்து போயிற்று. அப்பாடா என்று அவள் தலையைத் திருப்பிப் பக்கத்து ஜன்னலில் பார்த்தாள். தேயிலை வரிசை. கண் ஒரு வரிசையைப் பிடித்தது, அது பின்னால் ஓடும்வரை கூடவே போனது, விட்டது, அடுத்ததைப் பிடித்தது. வயிறு புரண்டது.

சட்டென்று அவளுக்கு விளங்கியது. தறியில் வேணுகோபால் நாடாவை இப்படியும் அப்படியும் ஓட்டும்போது, நீண்டு கிடக்கும் பாவு நூலில் இழை எங்கே அறுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பது அவள் வேலை. சின்ன வயதிலிருந்து அதே வேலை. வண்டியில் ஏறினாலும் கண் அதையே செய்திருக்கிறது. ஓடுகிற கம்பம், மரம், மைல்கல் ஒன்றையும் சும்மா விடாமல் பிடித்துப் பிடித்து இழுத்திருக்கிறது. புருஷன் முதுகுக்குப் பின்னால் கம்பம் ஏது? விமானம் போன மேகத்தில் மரம் ஏது? மூடுபனியில்தான் என்ன இருந்தது, அந்த ஒரு விளக்கைத் தவிர?

"இன்னா மேகலா, வருதா? பை வேணுமா?" என்று பின்னாலிருந்து பதறினார் வேணுகோபால்.

"ஒண்ணும் வேணாம்," என்றாள். "ரோட்டோரத்துல இருக்கற மரம் அறுந்தா போவப்போவுது, நான் பிணைச்சிப் போட?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் முகத்தை நேராகத் திருப்பி, தூரத்தில் தெரிந்த மலை உச்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஓரத்து மரங்கள் எல்லாம் தம் பாட்டுக்கு ஓடின. ஓடட்டும் என்று விட்டாள். அப்படி விடுவது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. கண்ணில் நீர் முட்டியது, ஆனால் வயிறு அசையவில்லை.

நுவரெலியாவில், வீட்டு வாசலில் தேவிப்ரியா காத்திருந்தாள். ஒரு கையில் பிளாஸ்டிக் வாளி, இன்னொரு கையில் துண்டு. அம்மாவைத் தூக்கி இறக்க இளஞ்செழியன் ஓடிவந்தான். மணிமேகலை கதவைத் தானே திறந்துகொண்டு இறங்கி, புடவையை உதறிச் சரிசெய்தாள்.

"இன்னாடி சமைச்ச? பசி உயிர் போவுது."

தேவிப்ரியா அப்படியே நின்றாள். "கஞ்சிதாம்மா வெச்சேன். நீ எதுவும் துன்ன மாட்டேன்னு..."

வாளியைக் கீழே போட்டுவிட்டு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். போன வருஷம் அழ வேண்டிய அழுகையும் அதில் சேர்ந்து வந்தது. மணிமேகலை அழவிட்டாள், முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"பிரசவத்துக்கு நான் வந்துருவேன்டி. முன் சீட்ட மட்டும் உங்கப்பாவுக்கு விடக்கூடாது."

பிறகுதான் கையைப் பார்த்தாள். கண்டியிலிருந்து பிடித்துக்கொண்டு வந்த எலுமிச்சம்பழம் நசுங்காமல், மூடுபனிக்குப் பிறகு மோந்து பார்க்கப்படாமல் அப்படியே இருந்தது. அதை மாப்பிள்ளையிடம் நீட்டினாள்.

"ஜல்தியா சோறு வடிச்சி இதப் பிழிஞ்சி கிண்டு மாப்ள. உம் பொண்டாட்டிக்கும் ஒரு வாய் குடு. வாயும் வயிறுமா இருக்கறா, புளிப்பு கேப்பா."