யோகா மேடைக்குக் கீழே சின்னம்மா

கப்பலூர் பக்கம் எங்கள் தெருவைத் தாண்டினால் எங்கள் சுடுகாடு. எரிப்பதில்லை, புதைப்பதுதான், ஆனாலும் வாயில் வருவது சுடுகாடு என்றுதான். அப்பா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலிக்குப் போன எங்கள் ஆட்களுக்கு, இந்த வட்டாரத்தில் எங்களுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்த ஒரே நிலம் அது. செத்த பிறகுதான் அனுபவிக்க முடியும் என்பது மட்டும்தான் குறை.

அதற்கு வடக்கே இருந்த வயலை ஒருவர் பிளாட் போட்டு விற்றார். வாங்கியவர்கள் மதுரைக்குள்ளிருந்து வந்தவர்கள். வாங்கும்போது சுடுகாடு கண்ணில் படவே இல்லையாம். வீடு கட்டி, மாடியில் துணி காயப்போட ஏறியபோதுதான் தெரிந்ததாம். இடம் ஏன் இம்புட்டு மலிவு என்று யோசிக்கக்கூடத் தெரியாத அப்பாவிகள் என்று நாங்கள் நம்ப வேண்டும்.

அப்பாவிகளுக்கு ஒரு குடியிருப்போர் சங்கம், அதற்கு ஒரு செயலாளர். பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்றவர். என்னிடம் காரியம் ஆக வேண்டுமென்றால் 'மேடம்' என்பார், ஆகிவிட்டால் 'ஏம்மா'. சுடுகாட்டைப் பார்த்துக்கொள்ள எங்கள் தெருவில் ஒரு குழு உண்டு. தல்லாகுளத்தில் அரசாங்க ஆபீசில் வேலை பார்க்கிறவள், அதிகாரிகளிடம் பேசத் தெரிந்தவள் என்று என்னையும் அதில் சேர்த்திருந்தார்கள்.

"மேடம், நாங்களே சுத்தம் பண்ணித் தர்றோம். உங்க ஆளுங்களுக்கு ஒரு சிரமமும் கிடையாது" என்றார் செயலாளர்.

கருவேலம் போயிற்று, சுற்றுச்சுவர் வந்தது, விளக்கு வந்தது. எங்கள் ஆட்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? விளக்கைக் கண்டதும் வாயைப் பிளந்துவிட்டார்கள். எங்கள் குழுத் தலைவர் சால்வை போர்த்திக்கொண்டு, சமாதிகளுக்கு நடுவே நின்று பல்லைக் காட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டார். அடுத்து, சுவரை ஒட்டிச் சுற்றிலும் கல் பதித்தார்கள். எதற்கு என்று கேட்டேன். "ஒரு அழகுக்குத்தான் மேடம்."

அழகு மறு வாரமே வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வந்தது. விடிந்ததும் ஆணும் பெண்ணுமாகக் கையை வீசி நடந்தார்கள். கூட்டம் பெருகியது. நடுவில் ஒரு யோகா மேடை எழும்பியது. வாசலில் 'அமைதிப் பூங்கா' என்று பலகை மாட்டினார்கள். பிணம் கொண்டுவருகிற நாங்கள் கொட்டு, வேட்டு இல்லாமல் பின்பக்கக் கேட் வழியாக வந்தால் எல்லாருக்கும் நல்லது என்று செயலாளர் பணிவாகச் சொன்னார்.

அந்த மேடை வந்த இடத்தில்தான் எங்கள் சின்னம்மாவைப் புதைத்திருந்தோம். கல்லெழுப்ப வசதியில்லை. சித்தப்பா ஒரு அரளிச்செடியை நட்டு, வெள்ளிக்கிழமைதோறும் போய்த் தண்ணீர் ஊற்றுவார். கால் வீங்கிக் கொஞ்ச காலம் வீட்டோடு கிடந்தவர், தேறி எழுந்து போனபோது செடியும் இல்லை, மேடும் இல்லை. டைல்ஸ் மேல் ஒரு பெண்மணி பாயை விரித்து மல்லாந்து படுத்திருந்தாராம்.

திரும்பி வந்து என் வீட்டு வாசலில் நின்றார். "அவ மேல சிமெண்டப் போட்டுட்டாய்ங்க தாயி" என்றார்.

அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு செயலாளர் வீட்டுக்குப் போனேன். அவர் கேட்டுக்கு உள்ளே நின்றார், நாங்கள் வெளியே.

"அடையாளம் ஒண்ணும் இல்லையேம்மா. வெறும் செடிதான இருந்துச்சு?"

"செடிதான் சார் அடையாளம்."

"இப்ப மேடைய இடிக்க முடியுமா? பெரியவருக்கு வேணும்னா ஓரமா ஒரு செடி வச்சுத் தரச் சொல்றேன்."

சித்தப்பா திரும்பி நடந்து வண்டியில் ஏறிக்கொண்டார். வண்டியில் வரும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, "என்னைய அவகிட்டயே வச்சிருங்க, என்ன" என்றார். சரி என்றேன். அந்த மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார்.

அவர் மகன், என் தம்பி, கப்பலூரில் ஒரு சின்ன ஃபேக்டரியில் வேலை பார்க்கிறான். அதிர்ந்து பேச மாட்டான். சித்தப்பாவை எடுக்கிற அன்று காலையில் கடப்பாரையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "அக்கா, நீயும் வா" என்றான். எங்கள் தெருப் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவது வழக்கம். நான் கூடவே நடந்தேன்.

நாங்கள் போனபோது மேடையில் பத்துப் பன்னிரண்டு பேர் கண்ணை மூடி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்கள். தம்பி ஓரத்து டைல்ஸில் கடப்பாரையை இறக்கினான். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கண் திறந்தது.

செயலாளர் ஓடி வந்தார். "ஏம்மா, என்ன அநியாயம் இது? பொதுச் சொத்து!"

"எங்க சித்தப்பாவ வைக்கணும் சார்."

"அதுக்கு அந்தப் பக்கம் அம்புட்டு இடம் கெடக்கு. மொதல்ல, பொம்பள நீ சுடுகாட்டுக்குள்ள வரலாமா? உங்கள்ல அதெல்லாம் பார்க்க மாட்டீங்களா?"

அவருக்குப் பின்னால் அவர் மனைவி யோகா பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"உங்க வீட்டம்மா தெனமும் இங்க வந்துதான சார் படுத்து எந்திரிக்கிறாங்க?" என்றேன்.

அந்த அம்மாவின் முகம் செத்துவிட்டது. இத்தனை நாள் எதன் மேல் படுத்திருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது போல. எனக்குக் கொஞ்சமும் பரிதாபம் வரவில்லை.

செயலாளர் போலீசுக்குப் போன் போட்டார். யாரும் வரவில்லை. பிறகு செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார். பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டோம். முன்வாசல் வழியாகவே கொட்டோடு சித்தப்பா வந்தார். வேட்டு வெடித்தது. உடைத்த மேடையின் நடுவே, சின்னம்மாவுக்குப் பக்கத்தில் குழி எடுத்து அவரை இறக்கினோம். தம்பி முதல் மண்ணைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதான். அதுவரை வீட்டில்கூட அவன் அழவில்லை. நடைபாதையில் ஒருவர் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு எங்களைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தார். ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அதன்பின் கேட் சாவியை நாங்கள் வாங்கிக்கொண்டோம். சால்வைத் தலைவரை மாற்றினோம். கல்லில்லாத சமாதிகளை அந்தந்த வீட்டாரை வரவழைத்துக் காட்டச் சொல்லி, தலைமாட்டில் ஆளுக்கொரு கல் ஊன்றினோம். அடிகுழாயைச் சரிசெய்தோம். நடக்க வருகிறவர்களை நான் தடுக்கவில்லை. கொஞ்ச நாள் வராமல் வீராப்பாக இருந்தார்கள். ரோட்டில் நாய் துரத்தியதும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்துவிட்டார்கள். இப்போது சித்தப்பாவைப் புதைத்த மேட்டைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கிறார்கள்.

போன வாரம் செயலாளர் ஆபீசுக்கே வந்திருந்தார். "மேடம், சோலார் லைட் போடலாம்னு ஒரு யோசனை. ரெண்டு தரப்பும் சேர்ந்து செய்வோமே."

"சார், உங்க வீட்ல ஒரு துக்கம்னா எங்க கொண்டுபோவீங்க?"

"தத்தனேரி மயானத்துக்குத்தான்" என்றார்.

"அப்ப லைட்ட அங்க போய்ப் போடுங்க."

நாற்காலியைச் சத்தமாகத் தள்ளிவிட்டு எழுந்து போனார். நான் பார்த்துக்கொண்டிருந்த வேலையைப் பார்த்தேன்.