குழாய்க்கும் ஒருபொழுது

2008-இல் என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து, விழுங்க முடியாமல் போய், மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாயைப் போட்டு வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். பரோட்டாவுக்குச் சால்னா குறைந்தால் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பார். அப்பேர்ப்பட்டவருக்குச் சாப்பாடு சிரிஞ்சில் வருவதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியாததால் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன்.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆளுக்கொரு வைத்தியமும் கொண்டு வந்தார்கள். இளநீர் குளிர்ச்சி என்றார் ஒருவர், குளிர்ச்சியே ஆகாது என்றார் அடுத்தவர். இரண்டு பேரும் கிளம்பும்போது என் கையால் காப்பி மட்டும் ஒழுங்காகக் குடித்தார்கள்.

வீட்டில் வேலைப் பங்கீடு தெளிவாக இருந்தது. கடலூரில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட்டாக இருந்த நான், காலையில் கஞ்சியைக் காய்ச்சி வைத்துவிட்டு ஓட வேண்டும். ஊற்றுவது மாமியார். அந்தச் சிரிஞ்சை அவர் வேறு யாரையும் தொட விடமாட்டார். குழாய் அடைத்துக்கொள்ளும் என்ற பயத்தில் நான் காய்ச்சியதைப் பழைய வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்டுவார். சத்தெல்லாம் துணியில் நின்றுவிடும். மிச்சம்தான் மாமாவுக்கு.

இதற்கிடையில் அவர் இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண் வந்துவிட்டது. குழாய் மாற்றச் சிதம்பரத்து ஆஸ்பத்திரிக்கு வேன் வைத்துக் கூட்டிப் போனபோது, டாக்டர் எங்களை உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். என்னைவிடச் சின்னப் பெண். மாமாவின் மேல்கையை ஒரு டேப்பால் அளந்தார். அவர் வாயிலிருந்து "பாவம்" என்ற வார்த்தையே வரவில்லை, அதனாலேயே எனக்குப் பிடித்துப் போனது.

"புண்ணு ஆறணும்னா சதை போடணும்மா. சதை போடணும்னா உள்ள ஏதாச்சும் போவணும். நீங்க தண்ணிய இல்ல ஊத்திக்கிட்டு இருக்கீங்க?"

பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, அவித்த முட்டையின் வெள்ளைக்கருவோடு மிக்ஸியில் மை போல அரைத்து, டீ வடிகட்டியில் ஒரே ஒரு தடவை வடிகட்டச் சொன்னார். கூடவே பால், ஒரு கரண்டி எண்ணெய். ஊற்றும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், ஊற்றியபின் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். எல்லாம் செய்தோம். வேட்டித் துணியைக்கூட மாமியார் மனசில்லாமல் விட்டுக் கொடுத்தார்.

அடுத்த தடவை போனபோது டேப் பழைய இடத்திலேயே நின்றது. புண்ணும் மூடவில்லை. இப்படியே போனால் சீழ் வைத்துவிடும், அப்புறம் கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆலோசகர், ஒவ்வொரு கிழமையும் என்னென்ன ஊற்றுகிறோம் என்று சொல்லச் சொன்னார். நான் தலைகீழாக ஒப்பித்தேன். பக்கத்தில் மாமியார் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"சனிக்கெழமையில துளசித் தண்ணிதாம்மா ஊத்துவேன்" என்றார் கடைசியில். "ராத்திரி ஒரு வேள மட்டும் பாலு. ஏகாதசிக்கும் அமாவாசைக்கும் அப்புடித்தான். திருவந்திபுரத்துப் பெருமாளுக்கு வேண்டிக்கிட்டு, கல்யாணத்துலேருந்து அவுரு ஒருபொழுது இருக்காரு. வாயி பேச முடியலன்னா நாமளே அத முறிச்சிடுறதா?"

எங்கள் தெரு நாய் ஏன் சனிக்கிழமை சாயங்காலங்களில் ஏப்பம் விடாத குறையாகப் படுத்திருந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"ஏன் அத்த, உடம்பு சரியில்லாதவுங்கள பட்டினி போடச் சொல்லிப் பெருமாளு கேட்டாரா?" என்று நான் கத்திய கத்தலில் வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மாமியார் அழ ஆரம்பித்தார். ஆலோசகர் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு ஸ்ட்ரெச்சரில் இருந்த மாமாவைப் பார்த்தார்.

"இவருக்குக் காது கேக்குதில்ல? இடது கை அசையுதில்ல? அவரையே கேட்டுப் பாத்தீங்களா?"

கேட்கவில்லை. அவருக்காக வாதாட நான், வேண்டிக்கொள்ள மாமியார், வைத்தியம் சொல்ல ஊர். அவரைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தச் சனிக்கிழமை நான் லீவு போட்டேன். மாமியார் குளித்து, சாமி கும்பிட்டுவிட்டு, கஞ்சி டம்ளரோடு கட்டில் ஓரம் வந்து நின்றார். "ஏங்க, இன்னிக்கி சனிக்கெழம. ஊத்தட்டுமா, வேணாமா?"

மாமா இடது கையை மெல்லத் தூக்கி டம்ளரைத் தள்ளினார்.

"பாத்தியா, வேணாங்கறாரு" என்று மாமியார் என்னைப் பார்த்தார். என் மனசு உடைந்து போயிற்று.

ஆனால் அந்தக் கை கீழே இறங்கவில்லை. டம்ளரை மாமியாரின் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போயிற்று. பிறகு அவருடைய மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கியது. சோப்புப் போட்டால்தான் கழலும் என்று அவர் சொல்லும் வளையல்கள் முழங்கை வரை சரிந்து ஓடின. புருஷன் வாயில் எதுவும் படாதபோது தனக்கு இறங்கவில்லை என்று மாமியார் இத்தனை நாளும் காப்பியிலேயே காலத்தை ஓட்டியிருக்கிறார். படுத்த படுக்கையிலிருந்து அதைக் கவனித்தவர் மாமா ஒருவர்தான். விரல்களைக் குவித்து மாமியாரின் வாயைக் காட்டினார். அப்புறம் தன் மூக்குக் குழாயைத் தொட்டார். முதலில் நீ, பிறகு நான்.

நான் இட்லி கொண்டு வந்து கொடுத்தேன். மாமியார் கட்டிலிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டே சாப்பிட்டார். அழுகைக்கு நடுவிலும் "சட்னியில உப்பு ஜாஸ்தி" என்று என்னைக் குறை சொல்ல மறக்கவில்லை. மாமா வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, சமையலறைக்குப் போய் நானும் கொஞ்சம் அழுதேன்.

தை மாதத்தில் புண் மூடியது. அதற்குப் பிறகும், எந்தக் கிழமையானாலும், மாமியார் தட்டைக் காலி செய்து காட்டும்வரை மாமா சிரிஞ்சைக் கிட்டே விடமாட்டார்.