சும்மா பார்க்க

நாகர்கோவிலில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். வரைபட மென்பொருள் எழுதும் சென்னைக் கம்பெனியின் கிளை. 2010 வாக்கில் பாசன அலுவலகம் ஒன்றுக்காக வேலை செய்துகொண்டிருந்தோம். திரையில் கால்வாயின் ஒரு மடையை அமுக்கினால், அதைத் திறந்தால் எந்தெந்த வயலுக்குத் தண்ணீர் சேரும் என்று நீலத்தில் காட்ட வேண்டும். பார்த்ததும் புரிகிற மாதிரி திரையை அமைப்பது என் பாடு.

இது தேறினால் கிளைக்கு நான்தான் பொறுப்பு, தேறாவிட்டால் கிளையை மூடிவிட்டு எல்லோரும் சென்னைக்கு என்று முதலாளி சொல்லியிருந்தார். கணவர் மஸ்கட்டில், மகள் ஒன்றாம் வகுப்பில். சென்னைக்கு எங்கே போவது? அதைவிட, அந்தப் பொறுப்பின் மேல் எனக்கு ஆசை இருந்தது.

பாசன அலுவலகத்தில் இதைப் பயன்படுத்த வேண்டியவர் என்னைவிட மூத்த அக்கா ஒருவர். மடையை அமுக்குவார். 'திறந்ததாகக் கணக்கிடலாமா? ஆம், இல்லை' என்று திரை கேட்கும். உடனே மவுஸை விட்டுவிட்டு எழுந்து அதிகாரியின் அறைக்குப் போவார். அதிகாரி அஞ்சுகிராமம் பக்கம் கால்வாய் பார்க்கப் போயிருப்பார். சாயங்காலம்வரை கேள்வி அப்படியே நிற்கும்.

பொத்தானைப் பெரிதாக்கினேன், நிறத்தை மாற்றினேன், எழுத்தை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. அலுத்துப்போய் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"கணக்குதானேக்கா, நெசத் தண்ணி ஒரு சொட்டு எறங்காது."

"அது தெரியும் மக்கா. ஆனா 'ஆம்'னு அமுக்குனது நான்தானே? நாளைக்கு ஒண்ணுன்னா ஆரு பதில் சொல்லுவா? சார்ட்ட ஒரு வார்த்தை கேக்காண்டாமா?"

எரிச்சலாக வந்தது. இந்த மனிதர்களை வைத்துக்கொண்டு என்னத்தைச் செய்ய என்று பஸ் முழுக்கப் புலம்பிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மறுவாரம் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டேன். அமுக்கியதும் நீலம் பரவும், மறுபடி அமுக்கினால் போய்விடும். திரையின் தலையில் 'சும்மா பார்க்க' என்று எழுதிவைத்தேன்.

"சும்மா பாக்கதுக்கு என்ன" என்று அக்கா மடை மடையாக அமுக்கினார். அதிகாரி பின்னால் நின்று பார்த்துவிட்டுத் தலையாட்டினார். வேலை தேறிவிட்டது.

அன்று சாயங்காலமே முதலாளி போனில் வந்தார். "இனிமே கிளை உங்க பொறுப்பு. எடுத்துக்கறீங்களா? ஆமாவா இல்லையா, இப்பவே சொல்லுங்க."

எத்தனை நாள் காத்திருந்த கேள்வி. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுதேன், சார்."